கேட்பாஸும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினான்கு வருஷம் நிறைந்த அன்று கேக் வெட்டலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். கேக் வரவில்லை, இரண்டு தலைவலிகள் வந்தன. இரண்டும் ஒரே தலைவலிதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் தலைவலி என் மகள் ஈவா. பதினைந்து வயது. இங்கே பள்ளியில் மதப் பாடம் அல்லது ஒழுக்கவியல், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சாமியாராகப் போய்ப் பாதியில் திரும்பிய அப்பனுக்குப் பிறந்தவள் அல்லவா, மதம் போரடிக்கிறது என்று ஒழுக்கவியலை எடுத்தாள். அதில் அவளுக்கு விழுந்த தலைப்பு, "இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவத்தில் இயற்கைச் சட்டமும் அதன் கிரேக்க வேர்களும்". எதைப் போரடிக்கிறது என்று விட்டுவிட்டு ஓடினாளோ, அது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து ஸ்லைடு போட வேண்டுமாம், அடுத்த வாரமாம்.

"அப்பா, உனக்கு இது தெரியும்தானே? அம்மா சொன்னா, நீ மூணு வருஷம் படிச்சியாம்."

இதைத் தமிழில் கேட்டாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். மற்றபடி அவள் என்னோடு பேசுவதில் "அப்பா" மட்டும்தான் தமிழ், மிச்சமெல்லாம் ஜெர்மன். ஏதாவது வேலை ஆக வேண்டுமென்றால் மட்டும் முழு வாக்கியம் தமிழில் வரும்.

இரண்டாவது தலைவலி பத்து நிமிஷத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து போனில் வந்தது. என் தம்பி லூர்து.

"அண்ணா, ஒரு பேஜாரு ஆயிப்போச்சு. என்ன சஸ்பெண்டு பண்ட்டாங்க."

"இன்னாடா பண்ணே?"

"கேட்ட தொறந்தேன்."

அவன் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் கேட்டில் நிற்கும் காவலாளி. கேட்டைத் திறந்து மூடத்தானே சம்பளம் தருகிறார்கள், அதற்கு எதற்கு சஸ்பெண்டு என்று நான் கேட்டேன். "பாஸ் இல்லாம தொறந்தேண்ணா" என்றான்.

2

நடந்தது இதுதான். மதியம் ஒன்றரை மணிக்குக் கம்பி உருட்டும் இடத்தில் பிஜய் என்ற ஒடிசாக்காரரின் கை உருளையில் மாட்டிக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு குழந்தைக்குத் தகப்பன். கையைத் துண்டால் சுற்றி நாலு பேர் கேட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஆலையில் ஆம்புலன்ஸ் உண்டு. அதன் சாவி டிரைவர் சட்டைப்பையில் இருந்தது, டிரைவர் வேறு எதற்கோ அனுப்பப்பட்டு பஜாரில் இருந்தார். கேட்டில் நின்றது ஒரு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி மட்டும்தான். அதில் வெட்டிய இரும்புத் துண்டுகள் ஏற்றியிருந்தன. சரக்கு ஏற்றிய வண்டி வெளியே போக வேண்டுமென்றால் கேட்பாஸ் வேண்டும், அதில் ஸ்டோர் அதிகாரியும் மேனேஜரும் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

லூர்து பிஜயை வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்து, கூட ஒருவரை ஏற்றி, கேட்டைத் திறந்துவிட்டான். அதோடு நின்றானா? கேட் நோட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி, பாஸ் எண் என்ற கட்டத்தில், "ஆள் அடிபட்டுக்கீறான்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். தனக்கு எதிரான ஆதாரத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிஜய் பிழைத்தார். இரண்டு விரல் போனது, கை தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். வண்டி சரக்கோடு திரும்பி வந்தது, ஒரு துண்டு இரும்பு குறையவில்லை. மறுநாள் லூர்து கையில் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நிறுவனச் சொத்தை அனுமதியின்றி வெளியேற்ற உடந்தையாக இருந்தானாம். ஒரு வாரத்தில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், பிறகு விசாரணை.

பதினோரு வருஷம் காண்டிராக்டில் நின்று, போன வருஷம்தான் அவனை நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். அந்த உத்தரவை அவன் மனைவி செல்வி லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிரந்தரம் என்று எதுவும் இருந்ததில்லை. எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் நெல் வயலில் கூலி. அப்பா ஆலைக்கு வந்தார், கடைசி வரை காண்டிராக்ட். லூர்துதான் முதல் ஆள்.

"நீ படிச்சவன்ணா. ஒரு லெட்டர் எழுதிக் குடு" என்றான்.

3

இங்கேதான் என் முட்டாள்தனம் ஆரம்பிக்கிறது. ஒரே வாரத்தில் மகளுக்கு ஸ்லைடு, தம்பிக்குக் கடிதம். இரண்டுக்கும் ஒரே நோட்டைத் திறந்தேன். பாதிரியாராவதற்குப் படித்த குருமடத்தில் எழுதிய நோட்டு, கண்டம் தாண்டி, வீடு மாறி மாறி, என் மனைவியின் ஏச்சுக்கெல்லாம் தப்பிப் பிழைத்தது. அங்கே மூன்று வருஷம் தத்துவம் படித்தேன். நான்காவது வருஷம் வெளியே வந்ததற்கான காரணம் இப்போது சமையலறையில் நின்றுகொண்டு கேக் எங்கே என்று கேட்கிறது.

நோட்டில் இருந்தவர் இத்தாலியத் துறவி ஒருவர். பதின்மூன்றாம் நூற்றாண்டு, தடித்த உடம்பு, பேச்சு குறைவு. அவர் சொன்னதை ஈவாவுக்கு இப்படி விளக்கினேன். நல்லதைச் செய், கெட்டதை விலக்கு என்ற முதல் விதி எல்லா மனிதர் உள்ளத்திலும் இருக்கிறது. படித்தவன் உள்ளத்தில் மட்டுமல்ல, எல்லார் உள்ளத்திலும். உயிரைக் காக்கத் துடிப்பது அதிலிருந்து வருவது. ராஜாவோ சபையோ போடுகிற சட்டம் அந்த விதியிலிருந்து பிறக்க வேண்டும். அதற்கு விரோதமாகப் போனால் அது சட்டமே இல்லை, கெட்டுப்போன சட்டம்.

அந்தத் துறவிக்கு இந்த யோசனைக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர் ஒரு கிரேக்கர். துறவியைவிட ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தவர், கிறிஸ்துவையே அறியாதவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இயல்பு உண்டு, அது போய்ச் சேர வேண்டிய முடிவு உண்டு என்றவர் அவர். சட்டம் எப்போதும் பொதுவாகத்தான் பேசும், எல்லா நேரத்துக்கும் அது பொருந்தாது, பொருந்தாத இடத்தில் சட்டம் போட்டவனே அங்கு நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதைச் செய் என்றவரும் அவரே. துறவி இதை எடுத்துக்கொண்டு ஒரு உதாரணம் கொடுக்கிறார். முற்றுகையிடப்பட்ட நகரம். கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நகரத்தைக் காக்கும் வீரர்களையே எதிரி துரத்திக்கொண்டு வருகிறான். அப்போது சட்டத்தின் எழுத்தை மீறிக் கதவைத் திறக்க வேண்டும்.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுநூறு வருஷத்துக்கு மேல் முன்னால் ஒரு இத்தாலியர் என் தம்பிக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது. போனில் லூர்துவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவன் "உம்" கொட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அப்ப நான் பண்ணது தப்பில்லயாண்ணா?" என்றான்.

"தப்பே இல்லை. நீ செய்யாமல் இருந்திருந்தால்தான் தப்பு."

இதைச் சொன்னதற்காக இன்று வரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈவாவும் சும்மா இருக்கவில்லை. அதே கிரேக்கர், சிலர் இயல்பிலேயே அடிமைகள், அவர்களுக்குக் கீழ்ப்படியும் அளவுக்குத்தான் அறிவு உண்டு, முடிவெடுக்கும் அளவுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாரே, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும். குருமடத்தில் அந்தப் பக்கம் வந்தபோது பேராசிரியர் வேகமாகத் தாண்டிப் போனார். வகுப்பில் இருந்த எங்களில் பாதிப்பேர் வயல்கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள். ஒருவரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. "ஏன் தூக்கலை?" என்று இவள் கேட்கிறாள். பரீட்சை இருந்தது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

4

கொஞ்சம் என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். விதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒன்பது பத்துக்கு நேரம் கொடுத்தால், ஒன்பது பதினைந்துக்குப் போய் நின்றாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாள் கடிகாரத்தைக் காட்டுவார். ரயில் தாமதம் என்றால் ரயில்வேயிடம் கடிதம் வாங்கி வா என்பார். வந்த புதிதில் என் ஜெர்மனைக் கேட்டு வார்டு தலைவி பயந்துவிட்டார். வேலை முடிந்தது என்று சொல்ல நினைத்து, நானே முடிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்று இருந்த நிலையில் அது பெரிய பொய்யுமில்லை.

லூர்துவின் விவகாரம் ஓடிக்கொண்டிருந்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஹில்டே அம்மாவுக்கு இடுப்பு வலி. தொண்ணூற்றொரு வயது, ஒரு காலத்தில் டிராம் ஓட்டியவர். அன்றைக்கு எழுதியிருந்த வலி மருந்தைக் கொடுத்து முடித்தாகிவிட்டது, மேலே கொடுக்க டாக்டர் உத்தரவு வேண்டும். அவசர எண்ணுக்கு அடித்தேன், காத்திருக்கச் சொன்னது, மறுபடி அடித்தேன். ஒவ்வொரு முறை அடித்ததையும் கணினியில் பதிந்தேன். உத்தரவு வர இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் வார்டு தலைவி, பதிவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று எல்லாரிடமும் காட்டினார்.

மருந்து கொடுக்காதது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் ஹில்டே அம்மாவின் கட்டில் பக்கத்தில் நான் உட்காரவே இல்லை. உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பதிவு செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கதவைப் பற்றித் தம்பிக்கு மீண்டும் ஒருமுறை பாடம் எடுத்தேன்.

5

விளக்கக் கடிதம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது செல்வி போன் செய்தாள்.

"மாமா, உங்களுக்கு இன்னா, அங்க குந்திக்கினு தத்துவம் பேசுவீங்க. இவரு இங்க மன்னிப்பு எழுத மாட்டேன்றாரு. எங்கண்ணன் ஊட்டுக்கே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்குது. கையெழுத்துப் போட மாட்டேன்றாரு."

அவள் அண்ணன் மூர்த்தி காக்களூரில் ஒரு ஆலையில் தொழிற்சங்கத்துக்காரர். எங்கள் பக்கத்து ஆலைகளில் மன்னிப்புக் கடிதம் என்று ஒன்று உண்டு, வாசகமெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். "தெரியாமல் செய்துவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது. இந்த ஒருமுறை மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." தாமதமாக வந்தாலும் இதே கடிதம், மெஷினை உடைத்தாலும் இதே கடிதம். எழுதுகிறவன் நம்புவதில்லை, வாங்குகிறவரும் நம்புவதில்லை. ஃபைலில் வைத்து மூடிவிடுவார்கள். அதுதான் அங்கே வேலை செய்யும் முறை. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

லூர்துவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஏன்டா கையெழுத்துப் போடல?"

"தெரியாம செஞ்சேன்னு எழுதிக்கீதுண்ணா. தெரிஞ்சுதான செஞ்சேன்? இனிமே நடக்காதுன்னும் எழுதிக்கீது. நாளிக்கே இன்னொர்த்தன் அடிபட்டு வந்தா தொறப்பேனே. நீதான சொன்னே, தப்பே இல்லன்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். துறவியை நான் பரீட்சைக்குப் படித்தேன், இவன் நம்பிவிட்டான்.

அப்போதுதான் அந்தத் துறவி கடைசியில் போட்ட நிபந்தனை எனக்கு உறைத்தது. மேலதிகாரியைக் கேட்க நேரமில்லை என்றால்தான் நீயாகக் கதவைத் திறக்கலாம். நேரம் இருந்தால் கேட்டாக வேண்டும். "லூர்து, மேனேஜருக்குப் போன் பண்ணியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா."

"போன் இருந்துதா?"

"கையிலதான் இருந்துது."

விசாரணையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். எந்தப் பொய்யும் பாவமே, உயிரைக் காப்பதற்காகச் சொன்னாலும் பாவமே என்று எழுதியவர் அந்தத் துறவி. அவரை நோட்டோடு மூடிவைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னேன்: "அடிச்சேன், எடுக்கலன்னு சொல்லுடா. மதியச் சாப்பாட்டு நேரம், எவன் பாக்கப்போறான்?"

"நீயாண்ணா இத சொல்றே?" என்றான். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

6

மூர்த்தி எழுதியதில் லூர்து கையெழுத்துப் போடவில்லை, நான் எழுத உட்கார்ந்தது நோட்டைத் தாண்டவில்லை. கடிதம் எதுவும் போகவில்லை, நேரடியாக விசாரணை. விசாரணை அதிகாரி ஒரு வக்கீல், திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி ரயில் வந்தவர். ஒரு பக்கம் மேனேஜர், எதிரில் லூர்து. அங்கே பேசியதை அவன் அன்றே எனக்குச் சொன்னான், கேள்வி பதில் உட்பட.

"கையில போன் இருந்ததா?"

"இருந்துது சார்."

"மேனேஜர் நம்பர்?"

"அதுவும் கீது சார்."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்பாரு சார். போன தபா ஒர்த்தருக்கு மயக்கம் வந்தப்ப, பாஸ் வரட்டும்னுதான் சொன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு மேல ஆளு கீறாங்க. அவரு வாயால வேணாம்னு சொல்லி, இந்தாளு செத்துப்போனா, அந்தப் பாவம் காலத்துக்கும் அவரு தலைல நிக்கும். நான் கேக்காம தொறந்துட்டா ஏந்தலையோட போயிடும். அதான் சார் கேக்கல."

மேனேஜர் ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டாராம். அதிகாரி எழுதி முடித்துவிட்டு, "முடிவெடுக்கறது உன் வேலை இல்லப்பா" என்றாராம். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று கீழே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நான் அந்த நோட்டை மறுபடி முழுக்கப் புரட்டினேன். சட்டத்தை மீறலாமா, எப்போது, யாரைக் கேட்டு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. "இல்லை" என்று சொல்லும் பாவத்திலிருந்து மேலதிகாரியைக் காப்பாற்றுவதற்காக அவரைக் கேட்காமல் இருப்பது பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதாமல் விட்டேனோ, துறவியே எழுதவில்லையோ தெரியாது. முடிவெடுக்கும் அறிவு சிலருக்குக் கிடையாது என்ற கிரேக்கரை நினைத்தால் எரிச்சலாக வந்தது. திருநின்றவூர் வக்கீல் அவரைப் படித்திருக்க மாட்டார், ஆனாலும் அப்படியே சொன்னார்.

ஈவாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். பிறகு பார்த்தால் ஒன்பதாவது ஸ்லைடில் இதைப் போட்டிருக்கிறாள். வகுப்பில் ஆசிரியை இதற்கு மூலநூல் எது என்று கேட்டாராம். என் சித்தப்பா என்றாளாம். மூலநூல் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஆசிரியைக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதம் எழுதுகிறேன் என்று நான் சாதித்தது போதும் என்று மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

7

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. பணிநீக்கம். மேனேஜர் எழுதியது அல்ல, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. செல்வி லேமினேட் செய்த பழைய உத்தரவைச் சுவரிலிருந்து கழற்றவில்லை என்று மூர்த்தி சொன்னார். கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கப் போன அன்று சாயங்காலம் லூர்து பேசினான். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"கேட்டுல புதுசா ஒரு போர்டு வெச்சிக்கிறாங்கண்ணா. தமிழ்லயும் இந்திலயும். அடிபட்ட ஆளு வந்தா பாஸ் கேக்க வேணாம், கேட்ட தொற, அப்புறமா சொல்லுன்னு போட்டுக்கீது. மேனேஜரே நின்னு வெக்க வெச்சாராம்."

பொறுமை போய்விட்டது. நீ செய்ததையே சட்டமாக எழுதிக்கொண்டு உன்னை வெளியே தள்ளியிருக்கிறார்கள், லேபர் கோர்ட்டுக்குப் போடா, போட்டோ எடுத்தியா, அதுதான் ஆதாரம் என்று படிக்கட்டிலேயே நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"மூர்த்தி மச்சானும் கேஸ் போடலாம்னுதான் சொல்லுது. போடுவோம். அது ஆவும்ணா, வருஷக்கணக்கா" என்றான். "ஆனா போர்டு நல்லாத்தாண்ணா எழுதிக்கிறாங்க. இனிமே மேனேஜரு யாரையும் வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல. கேட்டாண்ட வந்து ஏங்கையப் புடிச்சிக்கினாரு."

"உனக்கு வேலை போச்சேடா!"

"ஆமாண்ணா. அது போச்சு."

மறுநாள் காக்களூரில் ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், மூர்த்தி சொல்லிவைத்த இடம் என்றான். காண்டிராக்ட்தான், திரும்பவும் முதலிலிருந்து.

"முன்ன இருந்த எடத்த ஏன் வுட்டேன்னு கேப்பாங்கண்ணா. இன்னா சொல்றது?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. என் வாயில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன, மூன்றுமே நல்ல பொய்கள்.

"நடந்தத அப்டியே சொல்லு."

"சொன்னா வேலை குடுப்பாங்களா?"

"தெரியலடா" என்றேன்.